ராணிப்பேட்டை தண்ணியும் மாமாவோட பீடியும்

டேய் முரளி,

எப்டி கீற? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், அவ்ளோ நீளமா பேசறதுக்கு ஒரு போனே பண்ணியிருக்கலாம், சரி போட்டும், போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்க பேசுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். இங்க எல்லாரும் நல்லா கீறோம். பெரியவன் காட்பாடியில காலேஜ் சேர்ந்துட்டான், அம்மாவுக்கு முட்டி வலி அப்டியேதான், வெயிலப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா இன்னா.

மாமாவுக்கு தொண்டையில கேன்சர் வந்தது ராணிப்பேட்டை தண்ணியாலயான்னு கேட்ட இல்ல? ஒரு ஆளோட கட்டியப் பார்த்து இது இந்தத் தண்ணியாலதான் வந்துதுன்னு எவனும் கையெழுத்து போட்டுத் தர முடியாது. ராணிப்பேட்டையில 90கள்ல மூடிப்போன அந்த குரோமேட் கம்பெனி விட்டுட்டுப் போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல, மழை பேஞ்சா மஞ்சளா ஊறி வரும், நாமளே பார்த்திருக்கோம். அது குரோமியம்-6, குரோமியம்ங்கற உலோகத்தோட ஒரு வகை. தோல் பதப்படுத்தற டேனரில போடறது குரோமியம்-3, ரெண்டையும் போட்டு குழப்பிக்காத, விஷத்துல 6 தான் பெரியவன். ஆனா அது மூச்சு வழியா போனா நுரையீரல் கேன்சர் வரும்ங்கறதுதான் உறுதியான விஷயம், மாமாவுக்கு வந்தது தொண்டை, அதனால நேரா முடிச்சு போட முடியாது.

ஆனா ஒண்ணு, நாங்க லேப்ல ஒரு கெமிக்கல டெஸ்ட் பண்றப்ப பெரும்பாலும் உடம்பு செல்லுங்கள சாதா காத்துல, அதாவது கிட்டத்தட்ட 20 சதவீத ஆக்சிஜன்ல வளர்க்கறோம். கட்டியோட நடுவுல அவ்ளோ ஏது? ரத்தக்குழாய விட்டு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு தள்ளிப் போனாலே செல்லுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சிடும். செல்லு வெச்ச பெட்டிக்கு நைட்ரஜன் சிலிண்டர் மாட்டி 1 சதவீத ஆக்சிஜன்ல வெச்சு காலையில தொறந்தா, செல்லு ஊறிக் கிடக்கற ரோஸ் கலர் திரவம் மஞ்சளாயிருக்கும், செல்லு சர்க்கரைய அரைகுறையா எரிச்சு ஆசிட கக்கியிருக்குன்னு அர்த்தம். அதே செல்லுதான், ஆனா வேற ஆளு.

ஏன்னா எச்.ஐ.எஃப்-1 ஆல்பான்னு ஒரு புரோட்டீன். ஆக்சிஜன் இருந்தா செல் அத செஞ்ச கையோட உடைச்சுப் போட்டுடும், சில நிமிஷம்தான் அதோட ஆயுசு. ஆக்சிஜன் குறைஞ்சா உடையாம நின்னு ஆர்ன்ட்ங்கற இன்னொரு புரோட்டீனோட ஜோடி சேர்ந்து நூத்துக்கணக்கான ஜீன முடுக்கிவிடும், புதுசா ரத்தக்குழாய இழுக்கும், சர்க்கரைய அள்ளி உள்ள போடும். இந்த வழியக் கண்டுபிடிச்ச செமன்சா, ராட்கிளிஃப், கேலின் மூணு பேருக்கும் 2019ல நோபல் குடுத்தாங்க. இப்ப புகையில வர்ற பென்சோபைரீன், குப்பை எரிச்சா வர்ற டயாக்சின் இதெல்லாம் உள்ள வந்தா அதப் புடிக்கறது ஏ.எச்.ஆர்னு வேற ஒரு புரோட்டீன், கூத்து இன்னான்னா அதுக்கும் ஜோடி அதே ஆர்ன்ட்தான். ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம், ஊர்ல மேளம் ஒரே செட்டுன்னு வெச்சுக்கோ. அதனால விஷத்த உடைச்சு வெளிய தள்ளற ஜீன், சாதா காத்துல எகிறுற அளவுக்கு மூச்சு முட்டற செல்லுல பல நேரம் எகிறாது. எல்லா செல்லுலயும் இதே கதை இல்ல, ஆர்ன்ட் தாராளமா இருந்தா அங்க சண்டையே வராது.

உலோகம் இன்னும் மோசம். நிக்கல், கோபால்ட் ரெண்டும் ஆக்சிஜன் நல்லா இருக்கறப்பவே இல்லாத மாதிரி செல்ல ஏமாத்தும், எச்.ஐ.எஃப்ப உடைக்கற என்சைமுக்கு இரும்பும் வைட்டமின் சியும் வேணும், அங்கதான் இதுங்க கை வைக்குது. குரோமியம்-6 பென்சோபைரீனோட சேர்ந்து வந்தா நான் சொன்ன அந்த விஷத்த உடைக்கற ஜீன ஏறவே விடாம அமுக்குது. ஆக ஒவ்வொரு விஷத்தையும் தனித்தனியா, நல்ல காத்துல வெச்சு பார்த்துட்டு இவ்ளோ வரைக்கும் பயமில்லன்னு சொல்ற கணக்க நான் முழுசா நம்பறதில்ல. நம்ம ஊர்ல யாருக்கு ஒரே ஒரு விஷம் வருது சொல்லு? 1996ல டேனரி கழிவால பாலாறு கெட்டுப்போன கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு தீர்ப்பு குடுத்துது, ஆனா செல்லுக்குள்ள யாரு எவ்ளோ கெடுத்தான்னு எப்டி பிரிப்ப?

இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு கேப்ப. மாமா ரேடியேஷன் நடக்கறப்பவும் திருட்டுத்தனமா பீடி இழுக்கறார்னு அக்கா சொல்லிச்சு. குடியாத்தம் பீடி இல்லாம அவருக்கு விடியாது, தெரியும். ஆனா அந்தப் புகையில பென்சோபைரீனும் இருக்கு, கார்பன் மோனாக்சைடும் இருக்கு, மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜன் இடத்தப் புடிச்சிக்கும், கட்டிக்கு போறதே கொஞ்சம் அதுவும் போச்சு. ஆக்சிஜன் இல்லாத செல்ல சாகடிக்க ரெண்டரை மூணு மடங்கு ரேடியேஷன் வேணும்டா, அவ்ளோ எவன் குடுப்பான், கூட இருக்கிற நல்ல சதை வெந்துடும். பாலாத்த நாம ரெண்டு பேரும் சுத்தம் பண்ண முடியாது, பீடிய நிறுத்த முடியும். நீ சொன்னா கேக்க மாட்டார், அவர் சின்னப் பொண்ண விட்டு சொல்லச் சொல்லு. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபின் எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கேட்டு வை, ரொம்ப கம்மியா இருந்தா ரேடியேஷன் சரியா வேலை செய்யாது. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு, மங்கலா எடுக்காத, போன தடவ ஒண்ணுமே தெரியல.

உன்
குமாரு
சத்துவாச்சாரி