எந்த வகைத் தடுப்பூசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு மீன்களுக்கான தடுப்பூசிகள் எல்லாம் ஒரே பலன் தருவதுபோல் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். 11 ஆண்டுகளாக மீன் குஞ்சுகளுக்கு ஊசி போட்டு வரும் நான் அதை ஏற்க இயலாது.

கொல்லப்பட்ட கிருமியை எண்ணெயில் கலந்து வயிற்றறைக்குள் செலுத்தினால், அது மெல்ல மெல்லக் கசியும். இரத்தத்தில் ஐஜிஎம் எதிர்ப்புப் புரதம் நெடுநாள் நிற்கும். ஆனால் அதற்கும் விலை உண்டு. அப்படி ஊசி போட்ட சில மீன்களை அறுத்தபோது, குடலும் வயிற்றுச் சுவரும் ஒட்டிக்கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீரியம் குறைத்த உயிர்க்கிருமியோ உடலுக்குள் பெருகி, டி செல்கள் எனும் எதிர்ப்பு வெள்ளணுக்களையும் தட்டி எழுப்பும். செல்லுக்குள் ஒளியும் கிருமிகளை அழிக்க இந்த டி செல்கள்தாம் வேண்டும். கிருமியின் மரபணுத் துண்டை மட்டும் செலுத்தும் டிஎன்ஏ தடுப்பூசியும் அவற்றைத் தூண்டும். சால்மன் மீன்களைத் தாக்கும் ஐஎச்என் என்ற வைரஸுக்கு எதிரான அத்தகைய தடுப்பூசி ஒன்றைக் கனடா 2005-இல் அனுமதித்தது.

ஊசி தாங்காத சிறு குஞ்சுகளை தடுப்பு மருந்து கலந்த நீரில் முக்கி எடுப்போம். அப்போது செவுளிலும் தோலிலும் ஐஜிடி (IgT) என்ற மற்றொரு எதிர்ப்புப் புரதம் காவல் நிற்கும். இந்தக் காப்பு பெரும்பாலும் குறுகிய காலமே. பிறகு இன்னொரு தவணை தடுப்பு மருந்து தேவைப்படும்.

நீரின் குளிர்ச்சியை யாரும் பேசுவதில்லை. குளிர்ந்த நீரில் மீனின் எதிர்ப்புச் சக்தி மெதுவாகவே உருவாகும். ஒருமுறை அது உருவாகுமுன்பே அவசரப்பட்டு, ஒரு தொகுதிக் குஞ்சுகளை வளர்ப்புக் கூண்டுக்கு மாற்றினார்கள்; காலையில் செத்த குஞ்சுகளை வலையால் அள்ளியவன் நான். இனி எழுதும்போது காத்திருக்க வேண்டிய நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மீன் பண்ணை ஊழியர் ஒருவர்