எங்கள் சீட்டுகளை எடுத்துக்கொள்ள வழி விடுங்கள்

கிளவுட் சேமிப்பு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பெயரை இங்கே போடவில்லை, அது உங்களுக்கே தெரியும். என் புகார் எண்ணும் உங்களிடம் இருக்கிறது. நடந்தது எல்லாம் அதில் எழுதித் தந்தாயிற்று, அதற்கு "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று ஒரு பதிலும் வந்துவிட்டது. தீரவில்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வந்து எழுத வேண்டியிருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் அம்மாவின் கணக்கில் கிடக்கும் கோப்புகளை, முக்கியமாக அவருடைய பழைய பீடி வேலைச் சீட்டுகளின் படங்களை, நாங்கள் இறக்கிக்கொள்ள வழி விடுங்கள். அதுவரைக்கும் எதையும் அழிக்காதீர்கள்.

மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு அம்மா பெயரில், அம்மாவின் போன் நம்பரில் தொடங்கியது. வீட்டில் எல்லார் போனிலும் அதே கணக்குதான். இலவச இடம் நிரம்பியது. நிரம்பாமல் என்ன செய்யும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருகிற காலை வணக்கம் படத்தைக்கூட விடாமல் போன் தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. சரி என்று என் கார்டிலிருந்து வருடச் சந்தா கட்டினோம். கார்டு காலாவதியாகி வங்கி புதுக் கார்டு அனுப்பியது, அந்த வருடம் உங்களால் பணம் எடுக்க முடியவில்லை. உடனே நாங்கள் இலவச அளவைத் தாண்டியவர்கள் ஆகிவிட்டோம். முதலில் ஏற்றுவது நின்றது, பிறகு மின்னஞ்சல் வருவது நின்றது, பிறகு கணக்கையே முடக்கிவிட்டீர்கள். பல முறை எச்சரிக்கை அனுப்பினோம் என்கிறீர்கள். எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? இடமில்லை என்று நீங்களே அஞ்சல் வரவை நிறுத்திவைத்த அதே பெட்டிக்கு.

பாக்கியைக் கட்டுகிறேன், திறந்துவிடுங்கள் என்றேன். கட்ட வேண்டுமானால் உள்ளே போக வேண்டுமாம். உள்ளே போக வேண்டுமானால் அம்மாவின் பழைய நம்பருக்கு வருகிற ஓடிபி வேண்டுமாம். அந்த நம்பர் 2023 டிசம்பரோடு போய்விட்டது. நம்பரை மாற்றலாம் என்று பார்த்தால், மாற்றுவதற்கான ஓடிபியும் அதே பழைய நம்பருக்குத்தான் போகும் என்கிறது உங்கள் பக்கம். வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் பணம் வாங்கக்கூட வழி வைக்காத ஒரு வியாபாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி எங்கள் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது, கலெக்டர் ஆபீஸுக்குள் வந்தது, ஆற்றை ஒட்டிய தெருக்களில் ஒரு வீடு விடாமல் வந்தது. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி முழுகியது, அம்மாவின் போனும் போயிற்று. அரசாங்கம் 6,000 ரூபாய் கொடுத்தது, ரேஷன் கார்டும் ஆதாரும் மறுபடி எடுத்தாயிற்று. சிம் மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது காலமான எங்கள் பெரியப்பா பெயரில் வாங்கியது. ரீசார்ஜ் இல்லாத நம்பர் கொஞ்ச நாளில் செத்துவிடும், அதன்பிறகு 90 நாள் கழிந்தால் கம்பெனிக்காரன் அதை வேறு யாருக்கும் கொடுக்கலாம். கொடுத்துவிட்டான்.

இப்போது அது சங்கரன்கோவில் பக்கம் ஒரு அண்ணாச்சியிடம் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் அவரையே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தாயி, ஓடிபிய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு டிவில படிச்சுப் படிச்சுச் சொல்லுதாங்க. நீ யாரு எவருன்னு எனக்கு எப்படித் தெரியும், கோவிச்சுக்கிடாத" என்று வைத்துவிட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இதில் உங்களுக்கு ஒன்று உறைக்க வேண்டும்: உங்களைப் பொறுத்தவரை, அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரி யார் என்று கேட்டால், முன்பின் தெரியாத அந்த அண்ணாச்சிதான். எங்கள் அம்மா இல்லை.

அப்படி என்ன புதையல் உள்ளே இருக்கிறது என்று கேட்கலாம். அம்மா பீடி சுற்றியவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து, முழங்கை வலிக்கிற வரைக்கும். மடியில் சொளவு (முறம்), அதில் ஒரு பக்கம் நறுக்கிய இலை, ஒரு பக்கம் தூள். 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கொண்டுபோய்ப் போட்டால் கணக்கு எழுதுகிறவர் லாக்புக்கில் அன்றைய எண்ணிக்கையைக் குறித்துத் தருவார். அந்த லாக்புக்குகளும் பி.எஃப். சீட்டுகளும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய டி.சி.யும்தான் தகரப் பெட்டியில் இருந்தவை. வெள்ளத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வைத்துப் போனில் படம் பிடித்தேன். காற்றில் தாள் பறக்காமல் இருக்க, இலை நறுக்குகிற கத்தரிக்கோலை ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தை அம்மாவே பெருவிரலால் அமுக்கிக்கொண்டார். எல்லாப் படத்திலும் அந்தக் கத்தரியும் விரலும் இருக்கும். நீல மையில் 700, 800, நடுவில் காய்ச்சல் வந்த வாரத்தில் 300. சில பக்கத்தில் புகையிலைத் தூள் பட்ட கறை.

இப்போது அம்மாவுக்கு 58 வயது முடிந்துவிட்டது. 10 வருட சர்வீஸ் இருந்தால் பி.எஃப். பென்ஷன் உண்டு. ஆனால் பி.எஃப். பதிவில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. பீடிப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான், அந்தக் காலத்தில் கடையில் உட்கார்ந்து எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர். திருத்த வேண்டுமென்றால் பழைய ஆதாரம் வேண்டும். ஆபீஸில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் சொன்னார், "பழைய சீட்டு, லாக்புக், டி.சி. எது இருந்தாலும் கொண்டாங்கம்மா, பார்த்துக்கிடலாம்." எது இருந்தாலும். எல்லாம் இருக்கிறது, உங்களிடம்.

குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2014-ல் நிர்ணயித்தது. உங்கள் ஊரில் ஒரு வேளை காபிப் பலகாரத்துக்கு வருமோ என்னவோ. ஆனால் அது அம்மாவின் காசு.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அம்மா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஏட்டி, நம்ம சீட்ட அவன் எதுக்கு வச்சிக்கிட்டு இருக்கான்?" பீடிக்கடையில் சரியில்லை என்று கழித்து ஒதுக்கிய பீடிக்குக் கூலியும் தர மாட்டார்கள், பீடியையும் திருப்பித் தர மாட்டார்கள். அது எங்கே போகும் என்று கேட்கவும் முடியாது. ஆயுசு முழுக்க அதைப் பார்த்தவருக்கு உங்களை அடையாளம் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

"வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும்" என்று உங்கள் உதவிப் பக்கம் உபதேசம் செய்கிறது. வைத்திருந்தோமே, தகரப் பெட்டியில். பெட்டியை ஆறு கொண்டுபோகும் என்று பயந்துதான் உங்களிடம் கொடுத்தோம். தொலையவே தொலையாது என்று தமிழில் விளம்பரம் போட்டது நீங்கள்தானே. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது. பூட்டிய பிறகு வருகிற விதிமுறைகள் எல்லாம் இங்கிலீஷ், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ரோபோ.

நீங்கள் மட்டும் என்று சொல்லவில்லை. ஃபிளிக்கர் 2013-ல் ஒரு டெராபைட் இலவசம் என்றது, 2018-ல் இனிமேல் 1,000 படம்தான் என்றது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் ஒன்டிரைவில் 15 ஜிபியாக இருந்த இலவச இடத்தை 5 ஆக்கப்போவதாக அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2015-ல் எல்லையே இல்லை என்று ஆரம்பித்து 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அதை முடித்துக்கொண்டது. முதலில் அள்ளிக் கொடுப்பது, ஜனங்கள் ஆயுசில் உள்ளது எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிய பிறகு வாசலில் நின்று கட்டணம் கேட்பது. கேளுங்கள், அதில் தப்பே இல்லை. சர்வரும் கரண்டும் சும்மா வருவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். இடத்துக்கு வாடகை கேட்கலாம். கட்டவில்லை என்றால் புதிதாக ஏற்ற விடாமல் நிறுத்தலாம். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்பவரை ஏன் தடுக்க வேண்டும்?

வங்கி லாக்கரைப் பாருங்கள். 2021-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, தொடர்ந்து மூன்று வருடம் வாடகை கட்டாவிட்டால்தான் வங்கி லாக்கரை உடைக்கலாம். அதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கடிதம் திரும்பி வந்தால் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பேப்பர். அதிகாரி ஒருவரும் சம்பந்தமில்லாத சாட்சிகள் இருவரும் இருக்க, வீடியோ எடுத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். உள்ளே இருந்ததைப் பட்டியல் போட்டு உறையில் சீல் வைத்து, உரியவர் வந்து கேட்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாடகை கட்டாதவருக்கே இவ்வளவு மரியாதை. நாங்கள் கட்டுகிறோம் என்று நின்றவர்கள். எங்களுக்கு ஒரு வருடம்கூடப் பொறுக்கவில்லை, அழிப்பதற்குக் கெடு வைத்து எழுதுகிறீர்கள்.

அரசாங்கத்தின் டிஜிலாக்கரில் வைத்திருக்கலாமே என்று ஒரு சொந்தக்காரர் புத்தி சொன்னார். ஆதாரும் மார்க்‌ஷீட்டும் அந்தந்தத் துறையிடமிருந்தே அங்கே வரும். பீடிக்கடைக் கணக்குப்பிள்ளை பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய லாக்புக்கை எந்தத் துறை அதில் ஏற்றித் தரும்? சட்டத்தையும் பார்த்தேன். ஐரோப்பாவில் 2018-லிருந்து, தன் தரவை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது அவரவர் உரிமை. இங்கே 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் அந்த உரிமை இருந்தது, 2023-ல் சட்டமாக வந்தபோது காணாமல் போயிருந்தது. யார் கேட்டு எடுத்தார்களோ தெரியவில்லை, அம்மா கேட்கவில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகளில் மட்டும் குறைதீர்க்கும் அதிகாரி என்று ஒருவர் உண்டு. 24 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். சேர்ந்தது என்ற பதில் உங்களிடமிருந்து உடனே வந்தது, அதில் குறையே சொல்ல முடியாது. முடித்துத் தருகிற பாதிதான் இன்னும் நடக்கவில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

தயவுசெய்து அம்மாவின் கோப்புகளை இறக்கிக்கொள்ள வழி விடுங்கள். எழுத முடியாமல், பார்க்கவும் எடுக்கவும் மட்டும் முடிகிற மாதிரித் திறந்தால் போதும். ஒரு மாதம் கொடுங்கள், எங்கள் இன்டர்நெட் வேகத்துக்கு அது வேண்டும். பாக்கி எவ்வளவோ சொல்லுங்கள், ரசீதோடு கட்டுகிறோம். ஆளை உறுதிசெய்ய வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். செத்துப்போன நம்பரைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆதார் இருக்கிறது, கணக்கு தொடங்கிய வருடம் தெரியும், சந்தா கட்டிய வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கிறது. வீடியோ காலில் அம்மாவை உட்கார வைக்கிறேன். அந்தப் படங்களில் உள்ள பெருவிரலையும் கத்தரிக்கோலையும் அவர் காட்டுவார், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல அடையாளம் எந்த ஓடிபி தரும்?

இந்த வசதி எங்களுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்கவில்லை. வெள்ளத்தில் போன் போனவர்கள், நம்பர் மாறியவர்கள், சம்பாதித்த பிள்ளை இறந்துபோய்க் கணக்கு மட்டும் மிஞ்சிய வீடுகள், எத்தனை பேர் இப்படிக் கதவுக்கு வெளியே நிற்கிறார்களோ. எந்தக் கணக்கை அழிப்பதற்கு முன்னாலும் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். பெரிய செலவு ஆகாது.

கணக்கு விவரத்தையும் புகார் எண்ணையும் மறுபடி உங்கள் குறைதீர்க்கும் அதிகாரிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை பதிலைத் தமிழில் போடுங்கள், அம்மா தானே படித்துக்கொள்வார். நட்சத்திரம் கேட்கிற கடிதம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
முடக்கப்பட்ட ஒரு கணக்கின் சொந்தக்காரிக்காக அவர் மகள்,
திருநெல்வேலி