காணிக்கை என்ற சொல் ரொட்டியான விதம்

அன்புள்ள சேவியர்,

நலம்தானே? ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பூசைக்குப் படைக்கும் ரொட்டிக்கு ரஷ்யர்கள் சொல்லும் ‘ப்ரஸ்ஃபரா’வும் ‘ப்ரஸ்விரா’வும் ஒன்றா, செர்பியாவில் பூசை முடிந்து கையில் தரும் துண்டை மட்டும் ஏன் ‘நாஃபொரா’ என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

ஒன்றுதான். கிரேக்கத்தில் ‘ப்ரொஸ்ஃபொரா’ என்றால் காணிக்கை. ஆதித் திருச்சபையில் மக்கள் கொண்டுவந்த ரொட்டி, திராட்சரசம், எண்ணெய் எல்லாமே காணிக்கைதான். பிறகு அந்தப் பெயர் பலிபீடத்துக்குப் போகும் ரொட்டியோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய கிரேக்கத்தில் கடைத் தள்ளுபடிக்கும் ‘ப்ரொஸ்ஃபொரா’ என்றே எழுதுகிறார்கள். ரொட்டிக்கு ‘ப்ரோஸ்ஃபொரோ’ என்று வேறு வடிவம் இருக்கிறது. பழைய ஸ்லாவிய நாவுக்கு ‘ஃப’ ஒலி அந்நியம். அதனால் ரஷ்யர் பேச்சில் ‘ப்ரஸ்விரா’ ஆயிற்று, உக்ரைனில் ‘ப்ரோஸ்குரா’. இந்த ரொட்டியைச் சுடும் பெண் ‘ப்ரஸ்விர்ன்யா’. மாஸ்கோவின் ப்ரஸ்விர்ன்யாக்கள் பேசும் ரஷ்யன் வியக்கத்தக்க அளவு தூய்மையானது, அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830-இல் எழுதினார். தட்டையான வட்டக் காய் காய்க்கும் ஒரு செடிக்குக்கூட ரஷ்யனில் ‘ப்ரஸ்விர்னிக்’ என்றே பெயர்.

‘நாஃபொரா’வின் வேர் வேறு: ‘அனஃபொரா’, மேலே ஏந்திப் படைத்தல். கிரேக்கர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் அது பூசையின் மையமான நற்கருணை மன்றாட்டின் பெயர். செர்பியரும் பல்கேரியரும் அதே சொல்லால் பூசைக்குப் பின் பகிரும் ரொட்டித் துண்டைக் குறிக்கிறார்கள். ரஷ்யர்கள் அந்தத் துண்டை ‘அன்திதோர்’ என்பார்கள். அதுவும் கிரேக்கச் சொல்தான். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ரொட்டியைப் பற்றித் தெரியாமல் இந்தச் சொல் முழுதாகப் பிடிபடாது. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் தரும் மெல்லிய வெள்ளை அப்பம் புளிக்காதது. இது புளித்த மாவு. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 450 மி.லி. வெதுவெதுப்பான நீர், 10 கிராம் உப்பு, 15 கிராம் ஈரமான ஈஸ்ட். சர்க்கரை, பால், முட்டை, எண்ணெய் எதுவும் கூடாது. தட்டில் ஒட்டாமல் இருக்கத் தேன்மெழுகுதான் தேய்ப்பார்கள். மாவு கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் உப்பும்போது முத்திரை எழுத்துகள் கலங்கிவிடும்.

இரண்டு வட்டங்கள்: கீழே தடிமனானது, மேலே சற்றுச் சிறியது. கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் மனிதத்தன்மையையும் அவை குறிக்கின்றன. மேல்வட்டத்தில் மாவு தோய்த்த அச்சை அழுத்தினால் சிலுவையும் ‘இயேசு கிறிஸ்து வெல்கிறார்’ என்பதன் கிரேக்கச் சுருக்கமும் பதியும். அச்சில் எழுத்துகள் இடவலம் மாற்றிச் செதுக்கப்பட்டிருக்கும். கீழ்வட்டத்தின் மேல் விரலால் லேசாக நீர் தடவி ஒட்ட வேண்டும். நீர் கூடினால் மேல்வட்டம் சறுக்கிச் சாயும், குறைந்தால் அடுப்பில் பிரிந்து நிற்கும். பிறகு ஊசியால் அடிவரை குத்த வேண்டும். பலர் அலட்சியப்படுத்தும் படி இதுதான். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் மேல்பகுதி கொப்பளித்து உள்ளே பொந்து விழும். குருவானவர் சிறு ஈட்டி போன்ற கத்தியால் ‘ஆட்டுக்குட்டி’ எனப்படும் சதுரத் துண்டை வெட்டும்போது அது கையிலேயே உதிரும். வெந்ததும் ஈரத்துணியால் மூடி மெல்ல ஆற விட வேண்டும். இல்லையென்றால் மேல்தோல் இறுகி வெடிக்கும்.

கிரேக்கர்களுக்குப் பெரிய ரொட்டி ஒன்றே போதும். ரஷ்யர்களுக்கு ஐந்து: ஆட்டுக்குட்டிக்கு, தேவமாதாவுக்கு, புனிதர்களுக்கு, உயிரோடிருப்பவர்களுக்கு, இறந்தோருக்கு. பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபையின் தலைவரான நிகோன் முதுபெருந்தந்தை செய்த வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு முன் ஏழு. அதை ஏற்காத பழைய விசுவாசிகள் இன்றும் ஏழில்தான் நிற்கிறார்கள். பூசையில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் கொடுத்தவருக்கு, அவர்களுக்காகத் துகள் எடுத்த சிறு ப்ரஸ்ஃபரா திரும்பக் கிடைக்கும். அதைக் காலையில் வெறும் வயிற்றில், தீர்த்தத்தோடு உண்பார்கள். உன் அகராதிக் குறிப்பில் இந்த வழக்கத்தையும் ஒரு வரி சேர்த்துவிடு.

அன்புடன்,
ஞானம்