ஏழு நாள் பயமில்லை, எட்டாம் நாள் தவறக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில், கருத்தடை மாத்திரை போடாத அந்த ஒரு வாரத்தில் உறவு கொண்டால் கரு தங்கிவிடுமா என்று ஒரு வாசகி கேட்டதற்கு, 'மாத்திரை இல்லாத வாரத்தில் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். நான் அஸ்தம்பட்டியில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடையில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பெண்கள் கேட்கிற கேள்வி இதுதான், அதனால் அந்த ஒரு வரி எத்தனை பேரைக் குழப்பும் என்று எனக்குத் தெரியும்.

மாலா என், மாலா டி என்கிற கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரை. ஹார்மோன் இருப்பது வெள்ளையாக இருக்கும் 21இல் மட்டும், நிறம் வேறாக இருக்கும் மீதி 7 வெறும் இரும்புச்சத்து. சில கம்பெனி அட்டையில் அந்த 7 கூட இருக்காது, 21 முடிந்ததும் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டியதுதான். அந்த வாரத்திலும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது, 21ஐயும் விடாமல் போட்டிருந்து எட்டாம் நாள் அடுத்த அட்டையைத் தொடங்கினால். மூன்று வாரம் ஹார்மோன் போனதில் சினைப்பை அடங்கிக் கிடக்கும். நிறுத்தியதும் மெல்ல வேலையைத் தொடங்கும்தான், ஆனால் ஏழு நாளில் முட்டை முதிர்ந்து வெளியே வர நேரம் போதாது. எட்டாம் நாளும் மாத்திரை போகாமல், ஒன்பது, பத்து என்று நீண்டால்தான் ஆபத்து.

நீள்வதற்கு நம் ஊரில் காரணத்துக்கா பஞ்சம்? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் புது அட்டையை எடுத்து வந்திருக்க மாட்டாள், போய்ப் பார்த்துக்கலாம் என்றிருப்பாள். வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போயிருக்கார், இப்ப எதுக்கு என்பவர்கள் உண்டு. இன்னும் தூரம் (மாதவிலக்கு) நிற்கலையே அக்கா, நின்ன பிறகு போட்டுக்கிறேன் என்பவர்கள்தான் அதிகம். நிற்கட்டும் நிற்காமல் போகட்டும், எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை போட்டே ஆக வேண்டும். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிடிக்கிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் நாள் கணக்கையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள், அந்த ஏழும் அட்டையில் இருப்பதே முக்கியமாக அந்தக் கணக்குக்காகத்தான்.

இரண்டு நாளோ மேலோ தாமதமாகிவிட்டால் உடனே தொடங்கிவிட்டு, தொடர்ந்து ஏழு மாத்திரை போகும்வரை ஆணுறையும் வேண்டும். இடையில் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை தேவையா என்று டாக்டரிடம் கேட்கவும். வெள்ளையில் கடைசி வாரத்தில் இரண்டு, மூன்று விட்டுப்போனால் இரும்பு மாத்திரைப் பக்கமே போகாமல் நேரே அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் விட்டுப்போன நாளும் ஏழு நாளும் சேர்ந்து இடைவெளி பெரிதாகிவிடும். அப்புறம் ஏற்காடுக்காரர்களுக்கு ஒன்று: மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது உடம்பில் சேராது, இன்னொன்று போட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு, காலை பஸ், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, சொல்லவே வேண்டாம்! பேசாமல் ராத்திரி போட்டுக்கொள்ளலாம்.

கோயிலுக்குப் போக நாள் தள்ளிப் போடும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையைக் கருத்தடைக்கும் சேர்த்து நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். அதை அப்படி நம்பக் கூடாது. மாலா போடுகிறவருக்கு அது தேவையும் இல்லை, இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்ந்தால் தூரமும் தள்ளிப்போகும், பாதுகாப்பும் இருக்கும். ஒரு வாரம் இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்று உடம்பு கேட்பதில்லை. 1960இல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது, மாதாமாதம் ரத்தம் வந்தால்தான் பெண்களுக்கு இயல்பாகத் தோன்றும் என்று வைத்த ஏற்பாடு அது. அதனால் உடம்புக்கு நன்மை ஒன்றுமில்லை என்று 2019இல் பிரிட்டன் மருத்துவ அமைப்பே சொல்லிவிட்டது. சொன்னால் நம் கடை கவுண்டரில் பாதிப் பேர் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மாத்திரை விடாமல் போட்டாலும் பலன் குறையும், அவர்கள் டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சாயா என்கிற கருத்தடை மாத்திரை ஹார்மோன் மாத்திரையே அல்ல, முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று, அதில் இடைவெளி வாரமே கிடையாது. மாலாவையும் சாயாவையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வாரமே அந்தப் பதிலைத் திருத்தி, எட்டாம் நாள் விஷயத்தைக் கட்டம் கட்டிப் போடுங்கள். முதலாளி ஒத்துக்கொண்டால் வெட்டி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன்.

வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்-7