நீலகிரி கேத்திப் பள்ளத்தாக்கில் நிலம் குத்தகைக்கு விடுபவர்களுக்கு

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் இப்போது கோவையிலோ சென்னையிலோ இருக்கிறீர்கள். ஊரில் இருப்பவர்களும் வயதாகிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை என்று நிலத்தை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அப்பா 1970-களில் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் 16 வருடமாகக் குத்தகை நிலத்தில் கேரட், பீன்ஸ், பூண்டு போடுகிறேன், அதில் கடைசி 7 வருடம் ரசாயன உரமும் மருந்தும் தொடவில்லை. தொடவும் மாட்டேன். ஆனால் நீங்கள் தரும் 11 மாதக் குத்தகையை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் மலை மண் அமில மண். சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டாலும் மெல்லத்தான் கேட்கும். தொழு உரம் கொட்டி, போகத்துக்கு நடுவில் லூப்பின் என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, அது பூ எடுக்கும் சமயத்தில் வெட்டி மண்ணோடு கொத்திவிட்டு, வரப்பில் புல் வைத்து, களைச்செடியை மூடாக்காகப் போட்டு என்று எல்லாம் செய்தாலும் நான் குத்தகைக்கு எடுத்திருந்த 60 சென்ட்டில் முதல் வருடம் விளைச்சல் விழத்தான் செய்தது. இரண்டாவது வருடம் கொஞ்சம் தேறியது. மூன்றாவது வருடம் கேரட் பாத்தியில் கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்கியது, அள்ளிய மண்ணில் புழு நெளிந்தது, ஜூன் மழையில் பக்கத்து நிலத்திலிருந்து செந்தண்ணீர் ஓடையில் இறங்கும்போது என் பாத்தியிலிருந்து கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர் வடிந்தது. அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த 60 சென்ட்டை மூன்றாவது வருட முடிவில் நிலக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கூடுதல் பணம் கிடைத்தது, அவருக்கும் வீட்டில் கஷ்டம், நான் குறை சொல்ல வரவில்லை. வந்தவருக்கும் 11 மாதம்தான். அதற்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? வரப்புப் புல்லை வெட்டிவிட்டு, சரிவிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து, லோடு லோடாகக் கோழி எருவும் உரமும் கொட்டி உருளைக்கிழங்கு போட்டார். அடுத்த மழையில் என் மூன்று வருட மண் ஓடைக்குப் போனது.

உருளை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உருளைச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலில் 1961-இல் கண்டுபிடித்தது நம் ஊட்டியில்தான். அதன் முட்டைக்கூடு மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். உருளை போட்ட நிலத்தில் அடுத்தடுத்து பீன்ஸ், கேரட், பூண்டு என்று மாற்றிப் போட்டால் குறையும். ஆனால் அடுத்த வருடம் யார் கையில் இருக்கும் என்றே தெரியாத நிலத்தில் யார் பயிர் சுழற்சி பார்ப்பார்கள்?

அப்புறம் அங்ககச் சான்று, அதாவது ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்று தரும் சான்று. கேரட் மாதிரிப் பயிருக்கு நிலத்தை ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு மாற்றும் காலமே 2 வருடம். என்னால் ஒரே நிலத்தில் அதைக் காட்ட முடிவதில்லை, அதனால் மண்டியில் என் கேரட்டுக்கும் மருந்தடித்த கேரட்டுக்கும் ஒரே விலைதான்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். குத்தகைக்காரன் பெயரைப் பத்திரத்தில் எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பானோ, நிலத்தை விற்க முடியாமல் போகுமோ என்று. அது தப்பான பயம் என்று சொல்ல மாட்டேன், தாத்தா காலத்து நிலம். ஒரு வக்கீலை நீங்களே பாருங்கள், குத்தகை முடிந்ததும் நிலம் உங்களுடையது என்று எப்படி எழுதச் சொல்கிறாரோ அப்படியே கையெழுத்துப் போடுகிறேன், பதிவுச் செலவில் பாதி நான் தருகிறேன். எனக்கு வேண்டியது 5 வருடம். முடியாவிட்டால் 3. வருடாவருடம் குத்தகையை எவ்வளவு கூட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு மண் பரிசோதனை, முடிவில் ஒன்று. மண் கெட்டிருந்தால் அதற்கும் ஒரு தொகை எழுதிக்கொள்ளுங்கள், கட்டுகிறேன்.

இப்போது நான் வைத்திருக்கும் நிலத்துக்கு ஆவணியோடு கெடு முடிகிறது. லூப்பின் விதை வாங்கி வைத்துவிட்டேன். விதைக்கலாமா வேண்டாமா என்று ஆடி முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.