வலுவூட்டிய மணல் கரைகளுக்கு ஒப்புதல் தரும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஜியோடெக்ஸ்டைல் (மண்ணை வலுவூட்ட அதனுள் விரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்த மணல் கரைக்கான எங்கள் சோதனை அறிக்கை மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "துணி வைத்தபின் உராய்வுக் கோணம் குறைந்துள்ளது. விளக்கம் தருக."

மணல் வழுக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் கோணம் அது. குறையத்தான் செய்யும். நீங்கள் கேட்ட சோதனை அப்படிப்பட்டது. ஒரு பாதியை மற்றதன்மேல் கிடையாக நகர்த்தி மணலின் வலிமையை அளக்கும் 60 மி.மீ. வெட்டுப் பெட்டியின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் பிரியும் மட்டத்திலேயே துணியை வைக்கச் சொல்கிறீர்கள். பெட்டி மணலை வேறெங்கும் உடைய விடாது. அந்தத் தளத்தில்தான் வழுக்கியாக வேண்டும். அங்கே கிடைப்பது மணலுக்கும் துணிக்கும் இடையிலான உராய்வு. மணலோடு மணல் கோத்துக்கொள்வதைவிட அது பெரும்பாலும் சில பாகை குறைவு. துணிமேல் மண் சறுக்குமா என்று பார்க்க அந்த எண் வேண்டும்தான், அதையும் 300 மி.மீ. பெட்டியில் எடுத்தால் நம்பலாம். ஆனால் அதையே வலுவூட்டிய மணலின் வெட்டு வலிமை என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

அந்தச் சின்னப் பெட்டியோடு படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. கீழ்ப்பாதியில் மணல் விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் துணி தொய்ந்து உலோக விளிம்பில் உரசும். விசையை அளக்கும் புரூவிங் ரிங் அந்த உரசலையும் சேர்த்துக் காட்டும். கொஞ்சம் உயர்ந்தால் மேல்பாதியை இறக்கும்போதே மணல் பிதுங்கி இடுக்கில் சிக்கும். வெட்டிய ஓரத்திலிருந்து பிரிந்த நூல் வேறு மாட்டிக்கொள்ளும். எங்கள் சோதனையாளர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, அதே அடர்த்தியில் மறுபடி நிரப்புகிறார். எதற்கும் உதவாத ஓர் எண்ணுக்காக இவ்வளவு துல்லியம்!

டிரையாக்சியலில் பாருங்கள். ரப்பர் உறையிட்ட மணல் உருளைக்குச் சுற்றிலும் பக்க அழுத்தம் கொடுத்து, மேலிருந்து அழுத்தி உடைக்கும் சோதனை அது. மணல் உருளைக்குள் துணி வட்டுகளைக் கிடையாக வைத்து மேலிருந்து அழுத்தினால், மணல் பக்கவாட்டில் விரியப் பார்க்கும்; உராய்வால் இழுபடும் துணி அதைப் பிடித்து நிறுத்தும். பக்க அழுத்தத்தைக் கூட்டியதற்குச் சமம் அது. ரப்பர் உறையை உரித்தால் கண்ணுக்கே தெரியும்: துணி உள்ள மட்டங்களில் உருளை ஒடுங்கியும் இடையிடையே உப்பியும் நிற்கும். உச்ச வலிமை கூடுகிறது, உச்சத்துக்குப் பின் வரும் இறக்கமும் குறைகிறது. வட்டுகளை நெருக்கி வைத்தால் பலன் இன்னும் அதிகம்.

துணி மந்திரம் செய்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. அது இழுபட வேண்டுமானால் மணல் முதலில் நகர்ந்தாக வேண்டும். சிறிய திரிபில் (உருமாற்றத்தில்) பலன் அவ்வளவாகத் தெரியாது. தடித்த, நெய்யாத துணியானால் தொடக்கத்தில் வெறும் மணலைவிடத் தளர்ந்தும் போகலாம். பக்க அழுத்தம் குறைவாக இருந்தால் துணி வழுக்கும், மிகுந்தால் துணியே கிழியும். ஆகவே எல்லா அழுத்தத்துக்கும் ஒரே பிணைப்பு (ஒட்டு வலிமை), ஒரே உராய்வுக் கோணம் என்று எழுத வழியில்லை.

உங்கள் படிவமோ அதைத்தான் கேட்கிறது, இரண்டு தசம இடத் துல்லியத்தோடு. அதில் கையொப்பத்துக்கு நாலு கட்டம். மணலின் அடர்த்திக்கு ஒன்றுகூட இல்லை. அடுக்குகளின் இடைவெளியைக் கேட்பாரில்லை. 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால் வலுவூட்டிய மண்ணைக் கொண்டுவந்தபோது இந்தப் படிவம் இருந்திருந்தால், அவருக்கும் "விளக்கம் தருக" என்றே போயிருக்கும். முத்திரை கோணலாக விழுந்ததற்குத் திரும்பிய அறிக்கையும் எங்களிடம் உண்டு. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கேட்பது இதுதான். வெட்டுத் தளத்தில் துணி வைத்து எடுக்கும் எண்ணை இடைமுக உராய்வு என்ற பெயரில் தனியாகக் கேளுங்கள். வலுவூட்டிய மணலின் வலிமைக்கு, துணி அடுக்குகளோடு செய்த டிரையாக்சியல் முடிவை, அடர்த்தி, இடைவெளி, பக்க அழுத்தம், திரிபு ஆகியவற்றோடு ஏற்றுக்கொள்ளுங்கள். படிவத்தைத் திருத்த நாளாகுமென்றால், அதுவரை ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பி உதவும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திரும்பி வந்த அறிக்கையை எண் எதையும் மாற்றாமல் மீண்டும் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
மண் சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர்