எந்தத் துளைப்பானுக்கு எந்த வைத்தியம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் ஏற்காடு காபிக் கட்டுரையில், "துளைப்பான் வண்டு ஒழிய, உதிர்ந்த காய்களைப் பொறுக்கி அழித்து, நிழல் மரங்களைக் கழித்து வெயில் விட வேண்டும்" என்று ஒரு வரி. போட்ட படமோ தண்டுத் துளைப்பான். சொன்ன வைத்தியத்தில் பாதி காய்த் துளைப்பானுக்கு உரியது. மீதி, தண்டுத் துளைப்பானுக்கு வைக்கும் விருந்து.

காய்த் துளைப்பான் ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்பு வண்டு. 1990-ல் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. காயின் தொப்புளில் ஊசித்துளை போட்டுக் கொட்டைக்குள் பெருகும். ஒரு பழம் விடாமல் பறிப்பது, கீழே படுதா விரிப்பது, உதிர்ந்ததைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்குவது எல்லாம் இதற்குத்தான். மகசூல் போகும், செடி நிற்கும்.

தண்டுத் துளைப்பான் செடியையே கொண்டுபோகும். வெயில் படும் தண்டாகப் பார்த்துப் பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே இறங்கிப் பத்து மாதம் போலக் குடையும். வந்த வழியைத் தன் கழிவாலேயே இறுக அடைத்துக்கொள்வதால் மருந்தடித்தும் பயனில்லை. வெளியே தெரிவது தண்டைச் சுற்றிய புடைப்பும் மஞ்சளித்த இலையும்தான். வண்டு பறப்பது ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகத் தடவிப் பார்த்து, புடைப்பு உள்ளதை வேரோடு பிடுங்கி அன்றே கொளுத்த வேண்டும். விறகுக்கென்று அடுக்கினால் அதிலிருந்தே வண்டு கிளம்பும். மற்ற செடிகளில் செதில் பட்டையைத் தேங்காய் நார்க் கையுறையால் தேய்த்தெடுத்து (கத்தி வேண்டாம், தண்டு காயப்படும்), 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பும் 100 மில்லி பசையும் கலந்து, தண்டிலும் கனத்த கிளைகளிலும் பூச வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அராபிகா வகைக் காபி. இந்த வண்டுக்குப் பிடித்ததும் அதுதான். இங்கே போய் நிழலைக் கழிக்கச் சொல்கிறீர்கள்!

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா? மே மாதம் வந்தால் 'ஏழைகளின் ஊட்டி', படகு, மலர்க் காட்சி, காக்பர்ன் துரை காபி கொண்டுவந்த கதை என்று பக்கம் பக்கமாக வருகிறது. செப்டம்பரில் செடி பார்க்கச் சொல்லி இரண்டு வரிக்கு இடம் கிடைப்பதில்லை. முன்பு எழுதிய கடிதத்திலும் மாதங்களையும் அளவுகளையும் வெட்டிவிட்டு, தங்கள் இதழைப் பாராட்டிய வரியை மட்டும் அழகாக அச்சிட்டீர்கள். நன்றி.

முழுத் திருத்தம் கேட்கவில்லை. நிழல் மரங்களைக் கழிக்க வேண்டாம் என்று அதே பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். அரிவாளோடு ஆள் இறங்குவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
காபி விவசாயி ஒருவர்,
ஏற்காடு.